நூறு கிலோவுக்குக் கீழே

விரிப்பின் ஓரத்தை இரு கைகளிலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் நிற்பவரைப் பார்த்துக் கண்ணாலேயே எண்ணுகிறார் பெரியண்ணன். மூன்றாவது இமைப்பில் நோயாளி கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு வந்துவிடுகிறார். "அவ்ளோதான், முடிஞ்சிருச்சு. இதுக்கா இவ்ளோ பயந்தீங்க?" தொடை எலும்பு முறிந்து பதினோரு நாள் கிடந்தபோது என்னையும் அப்படித்தான் மாற்றினார்.

முப்பத்தோரு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி மாற்றுகிறவர். வயது ஐம்பத்தெட்டு. டாக்டர் முதல் துப்புரவுக்காரர் வரை எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். உடம்பை வைத்து வந்த பெயர். சீருடையின் வயிற்றுப் பகுதியில் பொத்தானுக்குப் பதில் ஊக்குதான் நிற்கும். லிஃப்ட் திறந்தால், "நீங்கல்லாம் போங்க, அடுத்தது எனக்கு ஒருத்தனுக்கே சரியா இருக்கும்" என்று ஒதுங்கிச் சிரிப்பார். கதவு மூடியதும் முழங்காலைப் பிடித்துக்கொள்வார்.

"முன்னெல்லாம் ஒருத்தரத் தூக்க ரெண்டு பேர் போதும். இப்ப நாலு பேர். வர்றவங்களுக்கு வயசும் கூடிப்போச்சு, கனமும் கூடிப்போச்சு. கட்டில் பெருசு, படுக்குற நாளும் ஜாஸ்தி. எல்லாம் பில்லுலதான ஏறுது?" என்றார் ஒருநாள். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. தன்னையும் சேர்த்தே சொன்னார்.

நான் வீடு திரும்பிய சில வாரங்களில், கனத்த நோயாளி ஒருவரை மாற்றும்போது பெரியண்ணனின் இடது முழங்கால் மடங்கிவிட்டது. விழுந்தவர் விரிப்பை மட்டும் விடவில்லை. நோயாளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவருக்கு மூட்டு மாற்ற வேண்டும் என்றார்கள்.

காப்பீட்டுக்காரர்கள் வயதுக்கு இரட்டைப் பிரீமியம் கேட்டார்கள், உடம்புக்கு அதற்கும் மேல். "தையக்காரர்கூட எனக்கு ஒரு முழம் துணிதான் கூடக் கேப்பாரு. இவங்க ரெண்டு வருஷச் சம்பளம் கேக்குறாங்க" என்றார். ஆஸ்பத்திரி ஒரு வழி சொன்னது. ஆறு மாதத்துக்குள் நூறு கிலோவுக்குக் கீழே வந்தால் பாதிச் செலவை அது ஏற்கும். வராவிட்டால் முழுச் செலவும் அவருடையது. அன்று அவர் நூற்று இருபத்தொன்று.

அதன்பின் பதிவுச் சன்னலில் உட்கார்த்தி வைத்தார்கள். மனைவி கரண்டிக் கணக்கில் பரிமாறினார். "இன்னொரு தடவ கேட்டா எனக்குக் காது கேக்காதுன்னுட்டா" என்று என்னிடம் சொன்னபோது அவர் கன்னங்கள் வற்றியிருந்தன. சோப்புப் போட்டாலும் கழலாத கல்யாண மோதிரம் இப்போது கை கழுவும்போது வழுக்குகிறதாம்.

கெடுவின் கடைசி நாளன்று நானும் பரிசோதனைக்காக எடை பார்க்கும் வரிசையில் நின்றேன். செருப்பு, கைக்கடிகாரம், சாவிக்கொத்து, கண்ணாடி எல்லாவற்றையும் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு எடைமேடையில் ஏறினார். இடது கால் நடுங்கியது. விழாமலிருக்க வலது கையைச் சுவரில் ஊன்றினார்.

மனைவி குனிந்து முள்ளைப் பார்த்தார். "ஏங்க, தொண்ணூத்தொம்பதரை!" பிறகு பாரத்தைச் சுவரில் ஊன்றியிருந்த கையைப் பார்த்தார். சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் சிரித்தபடி பதிவேட்டின் மேல் குனிந்தார்.

"இருங்க சிஸ்டர், எழுதாதீங்க" என்றார் பெரியண்ணன்.

பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரிலிருந்து கையை எடுத்தார்.