இங்ஙனம், பொதுமக்கள்

நான் பெட்டிசம் எழுதுகிற ஆள். எங்கள் ஊர் உடுவிலில் யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டிவிடுவார்கள். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பது வருடம் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன். அதில் பாதிக் காலம் தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளர். ஒழுங்கைக்குத் தார் போடவில்லையா, மின்கம்பம் சாய்ந்து நிற்கிறதா, பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரைப் பிழையாகப் பதிந்துவிட்டார்களா, என்னிடம் வருவார்கள். நானும் மனு எழுதிக் கொடுப்பேன்.

பெட்டிசத்துக்கு ஒரு தொழில்முறை உண்டு. ஒரு குறையோடு நிறுத்தக் கூடாது. 'பிந்தி வந்தார்' என்று மட்டும் எழுதினால் எந்த அதிகாரியும் கண்ணெடுத்துப் பார்க்கமாட்டார். பக்கத்தில் 'மரியாதைக் குறைவாகவும் நடந்துகொண்டார்' என்று ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். அது நடந்திருக்க வேண்டும் என்றில்லை. விசாரணையில் அது தானாக உதிர்ந்துபோகும், ஆனால் விசாரணை என்று ஒன்று நடக்கும். அடியில் பெயர் போடவும் கூடாது. 'இங்ஙனம், பொதுமக்கள்' என்று முடித்தால் போதும். இதையெல்லாம் சொல்ல நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. கச்சேரிக் கதிரையில் இருந்து அப்படி வந்த பெட்டிசங்களைக் கோப்பில் போட்டவனும் நான்தான். மூன்று மாதத்தில் கிடைத்ததாகக் கடிதம் போகும். ஆறாம் மாதம் இரண்டு பகுதியையும் கூப்பிட்டு எதிரெதிரே கதிரை போட்டு இருத்துவார்கள். அதற்குள் பாதிப்பேருக்குக் கோபம் ஆறியிருக்கும்.

சங்கத்திலும் எனக்கு ஒரே ஒரு வசனம்தான். விசாரணை இல்லாமல் ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்த ஏலாது. ஒரு காவலாளிக்காக மேலதிகாரியின் அறை வாசலில் முழுநாளும் பட்டினியாக நின்றிருக்கிறேன். அந்தக் கதையை என் மனைவி குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பாள்.

போன வருடம் மகள் விடுமுறையில் வந்தபோது, ஓட்டோ பிடிக்கிற செயலி ஒன்றை என் போனில் ஏற்றிவிட்டுப் போனாள். எனக்குச் சந்தோஷத்தில் சரியான புளுகம். அரசாங்கக் கந்தோரில் ஒரு கடிதம் மூன்று மேசை தாண்ட மூன்று கிழமை. இதில் விரலால் தொட்டால் ஓட்டோ எந்தச் சந்தியில் திரும்புகிறது என்பதுகூடத் தெரிகிறது. போய் இறங்கியதும் பயணம் எப்படி என்று என்னைத்தான் கேட்கிறார்கள். வாசிகசாலையில் பேப்பர் பார்க்க வருகிறவர்களுக்கு நான் பிரசங்கமே வைத்தேன். அரசாங்கம் இவர்களிடம் போய்ப் படிக்கவேண்டும், இனி அதிகாரம் வாடிக்கையாளர் கையில்தான் என்றேன்.

ஒருநாள் காலையில் யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக். ஓட்டோ இருபது நிமிடம் பிந்தி வந்தது. சாரதிக்கு நாற்பது வயதளவில் இருக்கும், மெல்லிய மனிதர். ஏன் பிந்தினீர் என்று கேட்டேன்.

"போன் மப் பின்ஒழுங்கையைத்தான் காட்டினது ஐயா. ரெண்டுதரம் போன் அடிச்சனான், நீங்கள் எடுக்கேல்லை."

அவர் சொன்னது உண்மை. போன் அறைக்குள் சார்ஜில் கிடந்தது. உண்மை என்பதால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. கிளினிக் வாசலில் வாய்க்கால் ஒன்று இருக்கிறது. அவர் இறங்கி வந்து, என் கையைப் பிடித்து அதைத் தாண்ட வைத்தார். "நல்லது தம்பி, போயிட்டு வாங்கோ" என்றேன்.

உள்ளே என் இலக்கம் போய்விட்டது. மர வாங்கில் குந்தியிருந்து எரிந்துகொண்டிருந்தேன். போன் பயணம் எப்படி என்று கேட்டது. ஒரு நட்சத்திரத்தைத் தொட்டேன். பிந்தி வந்தார் என்று எழுதினேன். பழக்கதோஷத்தில் கை அங்கே நிற்கவில்லை, மரியாதைக் குறைவாகவும் பேசினார் என்று சேர்த்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. மனம் லேசானது. பெட்டிசம் எனக்கு எப்போதும் அப்படித்தான், கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம். அதனால் ஏதும் நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மூன்று கிழமை கழித்து அதே மனிதர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஐயா பெட்டிசம் எழுதுவியளாம். அச்சுவேலிச் சந்தையிலை ஒருத்தர் சொன்னவர். உங்களை ஒருக்கா கண் கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போனனான், ஞாபகமோ?"

"ஓம்" என்றேன். மனைவி அவரை இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

"என்னை ஓட்டோ அப்பிலையிருந்து நிப்பாட்டிப் போட்டாங்கள் ஐயா. நான் ஆரோடையோ மரியாதை இல்லாமல் கதைச்சனானாம். ஆரோடை, எங்கை, ஒண்டும் சொல்லுறாங்களில்லை. போன் அடிச்சால் மெஷின்தான் கதைக்குது. சந்தி ஓட்டோ ஸ்ராண்டிலையும் சேர்க்கமாட்டினமாம், அப்பிலை ஓடப்போனவன் எண்டு கோவம். இப்ப சந்தையிலை வெங்காய மூட்டை ஏத்துறன், அதுவும் கிழமையிலை ரெண்டு நாள்தான்."

எந்த நாள் நிறுத்தினார்கள் என்று கேட்டேன். என் கிளினிக் நாள்தான், பின்னேரம்.

"அண்டைக்கு வேறை ஆரை ஏத்தினீர்?" என்று கேட்டேன்.

"விடிய ஒரு ரீச்சர் அம்மா. பிறகு வெளிநாட்டிலையிருந்து வந்த ஒரு பெடியன். அந்தப் பெடியன்தான் எழுதியிருப்பான் எண்டு மனுசி சொல்லுறா. வீட்டிலையே கேக்கினம் ஐயா, ஆரை என்ன பேசினனி எண்டு. நான் ஒருத்தரையும் பேசேல்லை."

கடதாசியை எடுத்தேன். பெட்டிசத்தின் முதல் வரி யாருக்கு என்பது. பணிப்பாளருக்கு, செயலாளருக்கு, அவர்களும் கேட்காவிட்டால் அமைச்சருக்கு. இதற்கு யார்? போனை எவ்வளவு துருவியும் ஒரு பதவிப் பெயரோ ஒரு கந்தோர் முகவரியோ அகப்படவில்லை. அரசாங்கத்தின் ஆமை வேகத்தை வாழ்நாள் முழுக்கத் திட்டியவன் நான். அந்த ஆறு மாதத்தில்தான் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஒரு கதிரை கிடைத்தது, நான் சேர்த்த பொய்யும் உதிர்ந்துபோக நேரம் கிடைத்தது. இங்கே அந்தக் கதிரையே இல்லை. நான் எழுதியதை அப்படியே நம்பிவிட்டார்கள். ஒருவரும் என்னை அப்படி நம்பியதில்லை.

நான் யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவர் மெல்லச் சொன்னார். "எழுதின ஆளுக்கு ஒண்டும் செய்யவேண்டாம் எண்டும் போடுங்கோ ஐயா. அவருக்கு அண்டைக்கு என்ன கரைச்சலோ."

அதற்குமேல் என்னால் ஏலவில்லை. "அது நான்தான் தம்பி" என்றேன்.

தேத்தண்ணியோடு வந்த மனைவி அதை மேசையில் வைத்தாள். அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் அப்பிடி என்ன ஐயா கதைச்சனான்?"

"ஒண்டும் கதைக்கேல்லை."

"அப்ப?"

பெட்டிசத் தொழிலின் சூட்சுமங்களை எத்தனையோ பேருக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதைச் சொல்லத் துணியாமல் கடதாசியை இழுத்துக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். நான் முறைப்பட்டதில் இரண்டாவது விடயம் பொய், முதலாவதும் அவருடைய பிழை அல்ல என்று எழுதினேன். அடியில் என் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வகித்த பதவி எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். பெட்டிசம் ஒன்றில் நான் என் பெயரைப் போட்டது அதுதான் முதல் தடவை. அவர் கடைசி வரி வரை வாசித்தார்.

போனில் படம் எடுத்து, செயலியில் முறைப்பாட்டுக்கென்று இருந்த ஒரே இடத்தில் அனுப்பினோம். தேத்தண்ணி ஆறமுதல் பதில் வந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி.' என் ஒற்றை நட்சத்திரத்துக்கு வந்த அதே வசனம்.

அதற்குப் பிறகு இன்னும் நாலு தடவை அனுப்பிவிட்டேன். தொழில் திணைக்களத்துக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு அதிகாரி இருந்தார், அவருக்கு முன்னால் இரண்டு கதிரையும் இருந்தன. பொறுமையாகக் கேட்டார். கொம்பனியின் கணக்கில் இவர் ஊழியரே இல்லை, அதனால் தங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். ஊழியர் இல்லாதவரை எப்படி வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று கேட்டேன்.

வாசிகசாலையில் இப்போது நான் பிரசங்கம் வைப்பதில்லை. கிளினிக்குக்கு அவருக்கே நேராகப் போன் எடுத்துக் கூப்பிடுகிறேன். கால் மணித்தியாலம் முந்தியே வந்து படலைக்கு வெளியே நிற்பார், ஹோர்ன் அடிக்கமாட்டார். உள்ளே கூப்பிட்டாலும் வருவதில்லை. எதைக் கேட்டாலும் ஓம் ஐயா, சரி ஐயா. நீங்கள் போன் எடுக்கேல்லை என்று அன்று என் முகத்துக்கு நேரே சொன்ன அந்த மனிதரைப் பிறகு நான் காணவே இல்லை.

போன கிழமை வேண்டுமென்றே அவரை வெயிலில் இருபது நிமிடம் காக்க வைத்துவிட்டு வெளியே போனேன். ஏதாவது ஒரு சொல் சொல்லட்டும் என்றிருந்தது. "பரவாயில்லை ஐயா" என்று சொல்லி, என் கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினார்.