டீச்சரோடு சாங்கிவரை

சிங்கப்பூரில் பிடோக்கைத் தாண்டி நகரத்துக்குப் போகும் விரைவுச்சாலையில் ஒரு மேம்பாலம் உண்டு. வண்டி நன்றாக இருக்கும் நாளில் அங்கே ஓர் ஏற்றம் இருப்பதே தெரியாது. அந்தச் சனிக்கிழமை காலை எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறேன், எஞ்சின் யாருக்கு வந்த விருந்தோ என்று முனகிக்கொண்டு கிடக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு, அதற்குத் துணையாக இன்னொரு மஞ்சள் விளக்கு. எனக்கு நேர் பின்சீட்டில் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டீச்சர் முன்னால் குனிந்து கேட்டார்: "என்ன தம்பி, வண்டியும் என்ன மாதிரியே மூச்சு வாங்குது?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபேரர் பார்க் பக்கத்து டயாலிசிஸ் நிலையத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி காலியாகக் காத்திருந்தது. தாமதமாகப் போனால் அந்தத் தாமதத்தை அவருடைய நேரத்திலிருந்துதான் கழிப்பார்கள், ஏனென்றால் அடுத்த நோயாளி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். இது எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். அந்த எழவெடுத்த எஞ்சினுக்கு மட்டும்தான் தெரியாது.

நான் ஒரு சின்னப் போக்குவரத்துக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். அன்றும் அதே கம்பெனிதான், இன்றும் அதே கம்பெனிதான், இதை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? செவ்வாய், வியாழன், சனி என்றால் டயாலிசிஸ் ஆட்கள். முதலில் தெம்பனிஸில் சிலரை ஏற்றிக்கொண்டு, பிடோக்கில் டீச்சரை ஏற்றிக்கொண்டு, நகரத்துக்குப் போக வேண்டும். முடிந்ததும் பிடோக்கில் முதலில், தெம்பனிஸில் பிறகு என்று எல்லாரையும் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். டீச்சர் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டில் இருந்தார். எனக்கே அறுபதை எட்டிப் பார்க்கிற வயது, அவருக்கு நான் தம்பி. வேனில் ஏறுகிற எல்லாருமே அவருக்கு வகுப்புப் பிள்ளைகள்தான். தெம்பனிஸ் சீன அங்கிள் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால், "அங்கிள், பெல்ட்!" என்று ஓர் அதட்டல் போடுவார். அவர் உடனே போட்டுக்கொள்வார். நான் ஆயிரம் முறை சொல்லியும் கேட்காத மனுஷர் அவர்.

டீச்சரின் அதட்டலுக்கு நானும் தப்பவில்லை. அவர் வீடு இருக்கிற அடுக்குமாடிப் புளோக்கின் கீழே வேனை நிறுத்தினால் முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் லிப்டை விட்டு வெளியே வரும்போதே கையை ஆட்டி, "ஆஃப் பண்ணுங்க தம்பி, வயசானவங்க உக்கார்ற இடம், புகைய விடாதீங்க" என்பார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அணைக்கிற ஆள்தான். நிற்கிற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டால் அபராதம் என்று இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் கம்பெனி டிரைவர்கள் எல்லாருக்குமே அது கைப்பழக்கம். வண்டி நின்றால் சாவியைத் திருப்பு. ஒவ்வொரு புளோக்கிலும் சக்கர நாற்காலியை ஏற்றுகிற நேரம் முழுக்க எஞ்சின் அணைந்தே இருக்கும். நல்ல பழக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை மேம்பாலத்தை எப்படியோ நகர்ந்து தாண்டினோம். சைக்கிள்காரன்கூட எங்களை முந்தியிருப்பான். அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு இடது ஓரமாகவே ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது நிலையத்து நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. டீச்சருக்கு முழு நேரம் கிடைக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் போகட்டும், சமாளித்துவிடலாம். சனிக்கிழமை குறைந்தால் அடுத்தது செவ்வாய். நடுவில் அவ்வளவு நாளுக்கும் உடம்பில் சேர்கிற தண்ணீர் எங்கே போகும்? திங்கட்கிழமை காலை அவருக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். செவ்வாய்க்கிழமை புளோக்கின் கீழே நான் காத்துக்கொண்டு நின்றபோது அவர் வீட்டுப் பணிப்பெண் மட்டும் இறங்கி வந்து, "ஆன்ட்டி ஹாஸ்பிட்டல்" என்றாள். வேனுக்குள் ஏறி உட்கார்ந்து அந்த மஞ்சள் விளக்கைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். விளக்குக்கு என்ன காதா இருக்கிறது.

அன்று மதியமே ஆபிஸுக்குப் போய் முதலாளியிடம் கத்தினேன். அவர் திருப்பிக் கத்துகிற மனுஷர் இல்லை, பாவம். "என்னண்ணே பண்ணச் சொல்றீங்க? ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புறேன், சரியாயிட்டுதுன்னு சொல்றான், மறுவாரம் திரும்பவும் வருது" என்றார். அது உண்மைதான். ஒவ்வொரு முறையும் லேப்டாப்பைச் சொருகி விளக்கை அணைத்துத் தருவார்கள். வண்டி நாலு நாள் குதிரை மாதிரி ஓடும். பிறகு பழைய கதைதான். இந்த முறை நான் ஒர்க்‌ஷாப்பை விட்டு நகரவில்லை. அங்கே ஃபோர்மன் மலேசியாவிலிருக்கிற ஜோகூரிலிருந்து தினமும் வந்து போகிற தமிழர். அவரை உட்காரவைத்து முழு விஷயத்தையும் கேட்டேன்.

அவர் சொன்னது இதுதான். டீசல் புகையில் இருக்கிற கரியைப் பிடிப்பதற்குப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்தால் வண்டி தானாகவே அதைச் சூடாக்கி எரித்துக்கொள்ளும். அதற்கு நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பாதியில் எஞ்சினை அணைத்தால் எரிவதும் பாதியில் நின்றுவிடும். இப்படிப் பாதி பாதியாக விட்டுக்கொண்டே போனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அப்போது எஞ்சின் கெட்டுப்போகாமல் இருக்கக் கம்ப்யூட்டரே வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். "வண்டி மேல குத்தமில்லண்ணே. ஒவ்வொரு புளோக்குலயும் ஆஃப் பண்றீங்கல்ல, அதான். இந்த ஊர்ல எல்லா கம்பெனி வேனும் இப்படித்தான் வருதுலா. மஞ்ச லைட்டு எரிஞ்சா நிறுத்தாதீங்க, ஹைவேல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சட்டத்துக்குப் பயந்து, வயசானவர்களுக்குப் புகை போகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அணைத்ததற்கு இதுவா பலன்? யார் செய்த தப்பு என்று விரல் நீட்டக்கூட ஆள் இல்லை. எனக்கு ஆயாசம்தான் வந்தது. இத்தனை வருஷம் ஓட்டிவிட்டு இனி ஒரு விளக்குக்கு வேறு சேவகம் செய்ய வேண்டும்.

டீச்சர் திரும்பி வந்தபோது இன்னும் இளைத்திருந்தார், வளையல் முழங்கை வரை ஏறியது. நடந்ததையெல்லாம் சொன்னேன். தான்தானே எஞ்சினை அணைக்கச் சொன்னோம் என்று வருத்தப்படுவாரோ என்று அந்த இடத்தை மட்டும் மென்று முழுங்கினேன். அவரா விடுவார்? முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஆஃப் பண்ணச் சொன்னதாலதான் வந்த வெனையா?" என்று கேட்டார். "உங்களால மட்டும் இல்ல டீச்சர், ஊரே ஆஃப் பண்ணுது" என்றேன். ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கும் வடிகட்டி போச்சு, உங்க வண்டிக்கும் வடிகட்டி போச்சு. நல்ல ஜோடிதான் போங்க" என்று சிரித்தார். அடுத்த முறையிலிருந்து நான் வருவதற்கு முன்பே கீழே இறங்கி, சாலையோரம் சக்கர நாற்காலியில் தயாராக இருந்தார். வேன் நின்ற வேகத்தில் ஏறிக்கொள்வார். எஞ்சினை அணைக்க வேண்டிய வேலையே வராது.

முதலாளி எனக்கு ஓர் உத்தரவு போட்டார். எல்லாரையும் இறக்கிவிட்டு, விளக்கு எரிந்தால் சாங்கிவரை சும்மா ஓட்டிக்கொண்டு போய்விட்டு வர வேண்டும். பயணிகள் யாரும் வண்டியில் இருக்கக்கூடாது. முதல் நாள் திரும்பும் வழியில் இதை டீச்சரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. "அப்ப தெம்பனிஸ் ஆளுங்கள மொதல்ல இறக்குங்க. என்னைக் கடைசியா இறக்கலாம்" என்றார். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சக்கையாகப் பிழிந்துபோட்ட மாதிரி வருவார்கள், எப்போது படுக்கையில் விழுவோம் என்றுதான் இருப்பார்கள். நீங்கள் வீட்டில் போய்ப் படுக்க வேண்டாமா என்று கேட்டேன். "வீட்டுல போய்ச் சுவத்தைத்தானே தம்பி பாக்கப் போறேன். மகன் வர்றதுக்குப் பொழுது சாஞ்சிடும். சும்மாதானே ஓட்டப் போறீங்க, நான் ஓரமா உக்காந்திருக்கேன்" என்றார். ஆபிஸுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுவீங்களா?" என்றார். ஸ்கூலில் பிள்ளைகளை இப்படித்தான் மடக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தெம்பனிஸில் கடைசி ஆளை இறக்கிவிட்டு நேரே சாங்கிப் பக்கம் போவோம். விமான நிலையத்தைச் சுற்றிக் கடலோரச் சாலைக்கு வந்து, அங்கிருந்து கிழக்குக் கரை விரைவுச்சாலை வழியாகப் பிடோக்குக்குத் திரும்புவோம். வேகத்தை ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். பாதி வழியில் எஞ்சின் பக்கமிருந்து கரி தீய்கிற வாடை வரும். விளக்கு தானாக அணையும்போது டீச்சர் என்னைவிட முன்னால் பார்த்துவிட்டு, "பாஸாயிட்டான்" என்பார். சில நாள் போகும்போதே தூங்கிவிடுவார், தலை ஜன்னலில் இடித்துக்கொள்ளாமல் இருக்க நான் வளைவுகளில் மெதுவாகத் திருப்புவேன். விழித்திருக்கிற நாளில் தலைக்கு மேல் தாழ்வாக இறங்குகிற விமானத்தைக் காட்டி, "இது எந்த ஊர்லேருந்து வருது?" என்று கேட்பார். எனக்கு எங்கே தெரியும்? திருச்சி என்பேன். "போன வாரமும் திருச்சிதான் சொன்னீங்க" என்பார். "திருச்சிலேருந்து நெறைய வரும் டீச்சர்." "பொய்." இப்படியே போகும். தண்ணீர் அளவாகக் குடிக்க வேண்டியவர் என்பதால் ஒரு சின்ன ஃபிளாஸ்கில் ஐஸ்கட்டி வைத்திருப்பார். அதில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி வருவார். மகனைப் பற்றியோ, நோயைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சுற்றில் எனக்கும் யாரிடமும் கோபம் வராது. நாள் முழுக்க எனக்குக் கோபம் வராத நேரம் அது ஒன்றுதான் என்று சொன்னால் என் மனைவி நம்புவாள்.

விளக்கு எரியாத நாளும் உண்டு. அன்றைக்கு டீச்சர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்பார். குரலே இறங்கிவிடும். நானும் எரியாத விளக்கை எரிகிறது என்று சொல்லி இரண்டொரு முறை சாங்கிக்குத் திருப்பியிருக்கிறேன். அவருக்கும் தெரியும்.

ஆனால் அந்த வண்டியை நம்ப முடியவில்லை. மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு சரியாக இருந்த நாளிலேயே, வேறு ஏதோ சென்சார் கெட்டு மறுபடியும் அதே மேம்பாலத்தில் ஊர்ந்தது. டீச்சருக்கு மறுபடியும் நேரம் குறைந்தது. செவ்வாயாக இருந்ததால் பிழைத்தோம். அன்று நான் முதலாளி முன்னால் சாவியைத் தூக்கி மேசையில் வைத்தேன். "ஒரு உசுரு போனாத்தான் மாத்துவீங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. சொன்னது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வேலை நடந்தது. சில வாரங்களில் புதிய மின்சார வேன் வந்தது. புகைக்குழாய் கிடையாது, வடிகட்டி கிடையாது, ஏற்றம் என்று தெரியாமலே ஏறியது. அதை ஓட்டிக்கொண்டு டீச்சர் புளோக்கின் கீழே போய் நின்ற காலையில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டீச்சர் வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, சத்தமே இல்லையே!" என்றார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே நிலையத்தில் இருந்தோம்.

திரும்பும்போது வழக்கம் போலத் தெம்பனிஸ் ஆட்களை முதலில் இறக்கலாமே என்று டீச்சர் கேட்டார். புது வேனுக்குச் சாங்கி தேவையில்லை என்று ஆபிஸுக்குத் தெரியும். மிச்சமான அந்த நேரத்தில் முதலாளி எனக்கு வேறொரு ட்ரிப்பைப் போட்டுவிட்டார். வேன் எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று ஆபிஸ் திரையில் புள்ளியாக நகர்வது வேறு தெரியும். பிடோக் முதலில், தெம்பனிஸ் பிறகு என்று வரிசையும் வந்துவிட்டது. "இந்த வண்டிக்கு அதெல்லாம் வேண்டாம் டீச்சர்" என்றேன். "ஆமாமா. குடுத்து வச்ச வண்டி" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. புளோக்கின் கீழே பணிப்பெண் வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிப்டுக்குப் போவாள். மதிய நேரத்து வெயில் அப்படியே இருக்கும், மகன் வருவதற்கு இன்னும் வெகுநேரம் கிடக்கும்.

அடுத்த பல மாதங்கள் அப்படியே போயின. மறு மழைக்காலத்தில் டீச்சர் தூக்கத்திலேயே இறந்துபோனார். இதயம் என்று சொன்னார்கள். இந்த ஊர் வழக்கப்படி புளோக்கின் கீழேதான் உடலை வைத்திருந்தார்கள். நானும் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். அவருடைய மகனை அன்றுதான் நான் முதன்முதலில் நேரில் பார்த்தேன், நல்ல பிள்ளை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான்தான் டிரைவர் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அங்கிள், புது வேனுக்காக நீங்க சண்டை போட்டீங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு தடவகூட அம்மா லேட்டா போகல. முடிஞ்சதும் நேரா வீட்டுக்குக் கொண்டாந்து விட்டுட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்" என்றார்.

ஆமாம் என்றேன். நேராகத்தான் கொண்டுவந்து விட்டேன்.