முக்கால் கதவு

தீயணைப்பு நிலையத்தில் அவரைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி மூன்று மாதம் கழித்து, பத்திரிகையை நீட்டியபோதுதான் கூட வேலை பார்ப்பவர்களுக்கே விஷயம் தெரிந்தது. "கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், இந்த மனுஷன் வாயிலேருந்து ஒரு சேதி வாங்க முடியாது" என்பது அவர் மனைவியின் முப்பது வருடத்துப் புலம்பல்.

தண்ணீர் வண்டி ஓட்டுவதும் அதன் பம்பைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. வண்டி போய் நின்றதும் மற்றவர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். அவர் வெளியே நின்று பம்பு மீட்டரின் முள்ளைப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பார். பம்பை விட்டு அவர் நகர்ந்தால் உள்ளே இருப்பவன் கையில் ஹோஸ் தண்ணீரில்லாமல் வெறும் துணியாகிவிடும். அதனால் இருபத்தாறு வருடத்தில் எரிகிற வீட்டுக்குள் அவர் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. அதில் அவருக்கு ஒரு சின்ன முள் குத்திக்கொண்டே இருந்தது. வழக்கம்போல அதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் துறையில் ஒரு புது ஏற்பாடு வந்தது. கோரமானதைப் பார்த்துவிட்டு வந்து தூங்க முடியாமல் தவிக்கிறவர்கள், டாக்டரிடம் போகத் தயங்கினால், முதலில் தங்களில் ஒருவரிடமே மனம்விட்டுப் பேசலாம். கேட்டுக்கொள்ளும் ஆளுக்குத் துணைவர் என்று பெயர். யாரைப் போடலாம் என்று சீட்டெழுதிப் போடச் சொன்னார்கள். பத்தொன்பது சீட்டில் பதினேழில் "பூட்டு" என்று இருந்தது.

ஐந்து நாள் பயிற்சி முடிந்து சட்டையில் "துணைவர்" என்ற வில்லையோடு வீட்டுக்குப் போனார். மனைவி அதைப் படித்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "எனக்குத் துணைவரா இருக்கவே உங்களுக்கு நேரமில்ல. இதுல ஊருக்கெல்லாமா?"

பயிற்சி கொடுத்த டாக்டரம்மா ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அறையில் கேட்டது அறையோடு. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. "பேரை மறைச்சுச் சொல்றதும் சொல்றதுதான்" என்று தனியாக ஒரு தடவை அழுத்தினார். இவர் அதை நோட்டில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டார்.

அறை என்று கொடுத்தது, பழைய ஹெல்மெட்டுகள் அடுக்கிவைத்திருந்த சாமான் அறை. இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடுவை, கதவில் திருப்பி மாட்டுகிற ஒரு பலகை. ஒரு பக்கம் "ஆள் உண்டு", மறுபக்கம் "காலி". காலி என்பது அவர்களுக்குத் தொழில் சொல். புகைக்குள் ஓர் அறையைத் தேடி முடித்து, யாரும் இல்லை என்று உறுதியானதும் "காலி!" என்று கத்திவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். ஒருவன் காலி என்று சொல்லிவிட்டால் அடுத்தவன் அங்கே நேரத்தை வீணாக்க மாட்டான். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

அந்த அறைக்கு ஏணி வந்தான். ஆள் உயரம் என்பதால் அந்தப் பெயர். முப்பத்து நாலு வயது, தேடுவதில் கெட்டிக்காரன், சிரிக்க வைப்பதில் அதைவிடக் கெட்டிக்காரன். வந்து உட்கார்ந்த முதல் வியாழக்கிழமை முழுக்கத் தன் பல்வலியைப் பற்றித்தான் பேசினான். இரண்டாவது வியாழன் பாதியில் எழுந்து போய்விட்டான். மூன்றாவது வியாழன்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அந்த மாடி வீடுண்ணே. கதவு முழுசாத் திறக்கல. முக்கால்ல நின்னுச்சு. தோளால ஒரு தள்ளு தள்ளினேன். மெத்துன்னு திருப்பித் தள்ளுச்சு. கால்மிதி சுருண்டு கிடக்குன்னு நினைச்சுட்டேன். கட்டிலுக்கடியில தடவினேன், அலமாரியைத் திறந்தேன், காலின்னு கத்திட்டுப் போயிட்டேன்."

பதினோரு நிமிடம் கழித்து இரண்டாவது முறை தேடப் போனவர்கள் கதவுக்குப் பின்னால் ஒரு முதியவரைக் கண்டெடுத்தார்கள். மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வண்டி போய்ச் சேருவதற்கு முன்பே புகை தன் வேலையை முடித்துவிட்டது என்றார் டாக்டர். கடும் புகை, யார்மீதும் தவறில்லை என்று அறிக்கையும் எழுதியாகிவிட்டது. அந்த அறையை முதலில் தேடியது ஏணி என்பது எல்லோருக்கும் தெரியும். கதவு மெத்தென்று திருப்பித் தள்ளியது மட்டும் இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.

"மெத்துன்னு இருந்ததை வீட்டுலகூடச் சொல்லலண்ணே" என்றான் ஏணி. இவர் குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அடுத்த வியாழன் வருவதாகச் சொல்லிவிட்டுப் போகும்போது ஏணியின் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது, தானும் ஒரு வழியாக உள்ளே போய் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. பெருமைதான். அதை மறைப்பானேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புதிதாகச் சேர்ந்த பதினோரு பேருக்கு மைதானத்தில் வகுப்பு. வழக்கமாக எடுப்பவர் லீவு. பம்பைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நிலைய அதிகாரி இவரை அனுப்பினார். இவரும் முள்ளைக் காட்டினார், வால்வைக் காட்டினார். பிள்ளைகளின் கண் மைதானத்தையும் மேகத்தையும் மேய்ந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். கேட்டதில் ஒரு துளி விஷமம் இல்லை.

"சார், நீங்க உள்ள போயிருக்கீங்களா? எப்படி இருக்கும்?"

பின்னாலிருந்து ஒரு குரல், "அவர் டிரைவர்மா" என்றது. ரெண்டு பேர் சிரித்தார்கள்.

சுருக்கென்றது. இருபத்தாறு வருடத்து முள்ளை யாரோ விரலால் அமுக்கியது போல இருந்தது.

"உள்ள போனாத்தான் தெரியணுமா?" என்றார் பூட்டு. "கேட்டுக்கங்க. கதவு முக்கால்ல நின்னு, தள்ளினா மெத்துன்னு திருப்பித் தள்ளுச்சுன்னா, கால்மிதின்னு நினைச்சுடாதீங்க. கதவுக்குப் பின்னாடி கையை விட்டுத் தடவுங்க. அங்க ஆள் இருக்கும். அப்படி நினைச்சு, காலின்னு கத்திட்டுப் போனவங்க இருக்காங்க. பழைய கதை இல்ல. போன மாசம்."

பதினோரு முகமும் அவரையே பார்த்தன. எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதுதான் பிற்பாடு அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

நாற்பதடி தள்ளி ஏணி ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருள் நின்றது. வண்டிப் படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் அவனைப் பார்த்தார்கள். ஏணி பாதிச் சுருளை அப்படியே தரையில் வைத்துவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தியது, கெட்டது வேறொருத்தன். மதியச் சாப்பாட்டுக்குள் நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? யாரும் ஏணியை ஒன்றும் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வழக்கத்தைவிட மரியாதையாகக் குழம்பை நகர்த்தி வைத்தார்கள். அவன் ஒரு ஜோக் சொன்னான். எல்லோரும் கொஞ்சம் சீக்கிரமாகவே சிரித்தார்கள். அதற்கப்புறம் அவன் சொல்லவில்லை.

பேர் சொல்லவில்லையே, பேர் சொல்லவில்லையே என்று பூட்டு அன்றைக்கு முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பதினோரு பேரில் ஒருவராவது நாளைக்கு ஒரு கதவுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பார்கள், ஓர் உயிர் பிழைக்கும் என்றும் சமாதானம் தேடினார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் வாயைத் திறந்தது அந்த உயிருக்காக இல்லை. பின்னாலிருந்து சிரித்த ரெண்டு பேருக்காக. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

புதன்கிழமை அதிகாரி கூப்பிட்டு மேஜைமேல் அந்த மாடி வீட்டுத் தீ அறிக்கையை வைத்தார். "அவர் உங்ககிட்ட என்ன சொன்னாரோ, எழுதிக் கொடுங்க. இதைத் திருத்தணுமான்னு பார்க்கணும்."

"நான் விதியை மீறினேன்னு எழுதித் தரேன் சார். அவன் சொன்னதை எழுத மாட்டேன்."

"இந்தப் பிடிவாதத்தைத் திங்கக்கிழமை காட்டியிருக்கலாம்" என்றார் அதிகாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இவர் தன் தவறை நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வில்லையைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு வந்தார். அறிக்கை அப்படியே இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வீட்டில் மனைவி சட்டையைத் துவைக்கப் போட எடுத்தபோது வில்லை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டையைப் பார்த்தாள். "துணைவர் எங்க?"

சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் தன் குற்றத்தைச் சொன்னால் ஏணியின் ரகசியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "கழண்டு விழுந்துடுச்சு" என்றார். அவள் கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தாள். "சரி, பூட்டு மறுபடி பூட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, கேலி பண்ணாமல் போய்விட்டாள்.

வியாழக்கிழமை அறைக் கதவில் பலகை "காலி" என்றே இருந்தது. இவர் ஏணியைத் தேடிப் போனார். ஹோஸ் காயப்போடும் கோபுரத்தின் அடியில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். ஈர ஹோஸ்கள் மேலிருந்து சொட்டிக்கொண்டிருந்தன.

"மன்னிச்சுடுப்பா. பேரைச் சொல்லலன்னு…"

"பேரைத் தவிர எல்லாத்தையும் சொல்லிட்டீங்கண்ணே." கயிற்றைக் கொக்கியில் கட்டினான். "விடுங்க. சொன்னது நல்ல பாடம்தான். நானே ஒருநாள் சொல்லியிருப்பேன். எப்ப சொல்றதுன்னு நான் முடிவு பண்ணியிருப்பேன்."

இவர் தலையை ஆட்டினார்.

"உங்ககிட்ட நான் முழுசாச் சொல்லலண்ணே" என்றான் ஏணி. "முக்கால்தான் சொன்னேன். மீதியை இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

என்னப்பா அது என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கும் உரிமை போய்விட்டது என்பது அந்த நொடியில்தான் அவருக்கு முழுசாக உறைத்தது. கதவு முக்காலில் நின்றிருக்கிறது. பின்னால் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல், ஒருவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்குப் போயிருக்கிறார். பாடம் எடுத்தவர் அவர்தான்.

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். நகரக் கட்டுப்பாட்டு அறையில் அவசர அழைப்புகளை எடுக்கும் அக்காவின் நம்பர். அவரும் துணைவர்தான், ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். "அந்த அக்காகிட்டப் பேசுப்பா. நம்ம நிலையம் இல்ல. உன் முகம்கூட அவங்களுக்குத் தெரியாது."

"மறுபடி முதல்லேருந்து சொல்லணுமே" என்றான் ஏணி. சீட்டை வாங்கி, படிக்காமல், நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் பேசினானா இல்லையா என்று ஒரு மாதமாக அவருக்குத் தெரியவில்லை. ஏணி வேலைக்கு வந்தான், போனான், கதவுகளுக்குப் பின்னால் தடவினான். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கழுவிய வண்டிக்குப் பின்னால் போய் நின்று அந்த அக்காவுக்கு போன் போட்டார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. எங்க ஆள் ஒருத்தன்… உயரமா இருப்பான்… உங்ககிட்டப் பேசினானா?"



"யாரு?" என்றார் அக்கா.

"அதான்க்கா, நான் நம்பர் கொடுத்த…"

"தம்பி, எனக்கு யாரையும் தெரியாது." குரலில் கடுமை இல்லை. "நீங்க வேணும்னா பேசலாம். உங்களுக்கு எப்ப நேரம் இருக்கும்?"

பூட்டு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வண்டியிலிருந்து சோப்புத் தண்ணீர் அவர் பூட்ஸைச் சுற்றி ஓடியது. "வியாழக்கிழமை, அக்கா" என்றார்.