குழாய்க்குள் வைத்த பொட்டு

அசிட்டோன் பட்டால் விரல் நுனி ஜில்லென்று ஆகும். வாசனை மூக்கில் ஏறும். இன்று யாராவது நெயில் பாலிஷ் அழித்தால்கூட, ஒரகடத்தில் நான் வேலை பார்த்த அந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்தான் ஞாபகத்துக்கு வருகிறது...

எட்டாவதோடு படிப்பை முடித்தவள் நான். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போவேன். ஸ்டீல் சாமான்களை அசிட்டோன் தொட்டுத் துடைப்பது என் வேலை. வெல்டர் தாஸைக் கலாய்ப்பது சம்பளமில்லாத ஓவர்டைம்.

ஒருமுறை, முழங்கை நீளத்தில் ஒரு குழாய் ஆர்டர். ஆராய்ச்சிக்கூடத்து இன்ஜினியர் மேடமே வந்து விளக்கினார்.

"சூரியன்ல இருக்கிற மாதிரி சூட்டை ஒரு மெஷினுக்குள்ள காந்தத்தால கட்டி வெப்போம்மா. ஆனா கொஞ்சம் வாயு காந்தத்துக்கு அடங்காது. ஓரமா சுத்திகிட்டே இருக்கும். அதோட அழுத்தத்த அளக்கத்தான் இந்தக் குழாய்."

"அப்ப அது எங்க தாஸ் ஜாதி மேடம். எவனுக்கும் அடங்க மாட்டான்," என்றேன்.

மேடம் சிரித்துவிட்டார். தாஸ் முறைத்தான்.

முதல் பீஸ் தயாரானது. எங்கள் ஷாப்பில் முதல் பீஸுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். வெளியே வைத்தால் மேடம் துடைக்கச் சொல்வார்... யாருக்கும் தெரியாமல் விரலை விட்டு உள்சுவரில் வைத்தேன். நல்லது செய்த திருப்தி வேறு!

மறுநாள் காலை, பம்ப் போட்டு உள்ளேயிருந்த காற்றை உறிஞ்சினார்கள். அழுத்தம் வேண்டிய அளவுக்கு இறங்காமல் நடுவிலேயே நின்றுவிட்டது.

"லீக்குடா! உன் வெல்டிங்தான்," என்று சூப்பர்வைசர் தாஸ் மேல் பாய்ந்தார். "உனக்கெல்லாம் பர்மனென்ட் லெட்டர் இன்னாத்துக்கு?"

"என் வெல்டு லீக் ஆவாது சார்..." என்றான் தாஸ். அந்த லெட்டர் வந்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"லீக்காதான் இருக்கணும்னு இல்ல," என்றார் மேடம். "உள்ள கைரேகை இருந்தாக்கூட அதுலேர்ந்து ஆவி வந்துகிட்டே இருக்கும்."

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, சுத்தமாத்தான தொடச்ச?"

ஆமாம் என்று தலையாட்டினேன்... வேலை போய்விடும் என்ற பயம்.

அப்படியானால் லீக்தான் என்று முடிவுகட்டி, மதியம் வெல்டிங்கை அறுக்கச் சொன்னார்கள். தாஸ் தன் கையாலேயே குழாயை அறுக்கும் மெஷினில் வைத்து இறுக்கினான். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்துடா! நான்தான் உள்ள பொட்டு வெச்சேன்."

வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. குழாயைக் கழுவி, சூடேற்றி, மறுபடி பம்ப் போட்டோம். அழுத்தம் இறங்கியது. தாஸுக்கு லெட்டர் வந்தது. என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

இப்போது கார் சீட் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். தப்பு நடந்தால் சிவப்பு லைட் எரியும். யாருடைய தப்பு என்று ஸ்க்ரீனே சொல்லிவிடும். யாரும் "நான்தான்" என்று முன்னே வர வேண்டியதில்லை. வசதிதான்...

போன வாரம் வாலாஜாபாத் கடைத்தெருவில் தாஸை மனைவியோடு பார்த்தேன். "யக்கா, காலையிலயே சொல்லிருக்கலாம்ல? மத்தியானம் வரிக்கும் இன்னாத்துக்கு சும்மா இருந்த?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்துக்கொண்டே ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.