நீலத் துணியை உள்ளே வைத்துச் சுருட்டியவர்கள்

சிவகாசியில் படகு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "எதுக்குக்கா, கண்மாய்ல ஓட்டவா?" என்பார்கள். கண்மாயில் தண்ணீர் கிடந்தால்தானே ஓட்டுவதற்கு! கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குற்றாலம் போகிறவர்களை யாரும் எதுக்கு என்று கேட்பதில்லை. நான் படகை டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் மாட்டி, சாத்தூர், விளாத்திகுளம் வழியாக வேம்பார் கடலுக்குப் போனால் மட்டும் ஊருக்கே வலிக்கிறது.

பதினாறடிப் பாய்மரப் படகு. முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தேன், அதில் பாதி வளைகுடாவில். அங்கே கூட வேலை பார்த்த ஒருத்தியோடு வெள்ளிக்கிழமை தோறும் கடலுக்குப் போய்த்தான் பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் என் சொந்தச் சம்பாத்தியத்தில் பழைய படகு ஒன்றை வாங்கினேன். என் பேரில்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள். நீச்சல் தெரியாது. ஆனாலும் என்னோடு வருவார், லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு. பின்னால் உட்கார்ந்து நான் சொல்கிற பக்கம் சுக்கானைத் திருப்புவார். அந்த மட்டும் நல்ல மனுஷன்தான்.

போன வருஷம் ஒரு காலையில் காற்று திடீரென்று ஏறிவிட்டது. படகுக்கு இரண்டு பாய். பாய்மரத்துக்குப் பின்னால் பெரியது, முன்னால் சின்ன முக்கோணம். அந்த முன்பாயை இறக்க வேண்டுமென்றால் ஆடுகிற படகில் தவழ்ந்து மூக்கு வரைக்கும் போகணும். போனேன், இறக்கினேன், திரும்பி வர முடியவில்லை. வார்டு வார்டாக நின்றே தேய்ந்த முட்டி, மடங்கினது மடங்கினபடியே பூட்டிக்கொண்டது. கால்மணி நேரம் பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன். அவர் பின்னாலிருந்து என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டார். "போதும். வித்துருவோம். இருக்கிற முட்டியையாவது காப்பாத்து."

முட்டி என்னுடையது, படகும் என்னுடையது. இதில் 'வித்துருவோம்' எங்கிருந்து வந்தது?

வழி இல்லாமலா இருக்கிறது? முன்பாயை இறக்காமலே சுருட்டுகிற ரோலர் ஒன்று உண்டு. மர உச்சியிலிருந்து படகின் மூக்குக்கு வருகிற கம்பிமேல் ஒரு அலுமினியக் குழாய். பாயின் ஓரத்தை அந்தக் குழாயில் செருகிவிட வேண்டும். குழாயின் அடியில் ஒரு உருளை. உருளையில் சுற்றிய கயிறு பின்னால் என் இருக்கை வரைக்கும் வரும். இழுத்தால் குழாய் சுற்றும், பாய் அதன்மேல் படுக்கிற பாயைப் போலவே சுருண்டுகொள்ளும். இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம். இது வந்தால்தான் நான் இனிமேல் கடலுக்குப் போக முடியும், இல்லையென்றால் வீட்டோடு கிடக்கணும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஆர்டர் போட்டேன். பார்சல்காரர் பிரஸ் வாசலில் வந்து நின்று, என் பேர் எழுதிய பெட்டியை என் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, "சார் இருக்காகளா?" என்று கேட்டார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

சுருட்டி வைத்த பாயின் வெளிச்சுற்று எந்நேரமும் வெயிலில் கிடக்கும். அதனால் பாயின் மறு ஓரத்தில், ஒரு பக்கமாக மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு வெயில்தாங்கும் நீலத் துணி தைக்க வேண்டும். சுருண்டதும் நீலம் மட்டும்தான் வெளியே தெரியணும். வெயிலை அது வாங்கிக்கொள்ளும், உள்ளே வெள்ளைப் பாய் பத்திரமாக இருக்கும். விருதுநகரில் தார்ப்பாய் தைக்கிறவரிடம் ஒருமுறைதான் சொன்னேன். கற்பூரம்போல் பிடித்துக்கொண்டார். பாயையும் கையோடு குழாயில் செருகியாயிற்று. உருளையில் கயிறு சுற்றுவது ஒன்றுதான் பாக்கி. கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றுகிறதோ அதை வைத்துத்தான் பாய் எந்தப் பக்கமாகச் சுருளும் என்பது. அதற்குள் பெங்களூரில் மகளுக்கு வலி எடுத்துவிட்டது.

"யாரும் கை வைக்க வேண்டாம், வந்து நான் சுத்திக்கிறேன்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பிரஸ் ஃபோர்மேன், இருபது வருஷமாக எங்களோடு இருக்கிற ஆள், சிரித்தார். "அக்கா, ரோலர்ல சுத்துறது எங்களுக்குத் தெரியாததா? நிம்மதியாப் போயிட்டு வாங்க."

மாசியில் போனவள் ஆனியில்தான் திரும்பினேன். பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கிறது. கயிறு சுற்றி, பாய் சுருட்டி, சாய்த்து வைத்த மரத்தோடு சேர்த்து அழகாகக் கட்டி, பிரஸ் முற்றத்தில் கிடக்கிறது. அவசரத்தில் நானும் சரியாகக் கவனிக்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மறுவாரம் வேம்பார். கடலோரக் காவலில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினோம். கரை தள்ளிப் போனதும் முன்பாயை விரித்தேன். ரோலர் வெண்ணெய்போல் சுற்றியது. காற்று பாயில் நிறைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றே சொல்லணும். பத்து நிமிஷம் இருக்காது. டர்ரென்று ஒரு சத்தம், தையலோடு தையலாக மேலிருந்து கீழே பாய் கிழிந்து இரண்டாகப் படபடத்தது.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தேன். கிழிசலும் கந்தலுமாக அவ்வளவும் சுருண்டு ஒடுங்கிவிட்டது. முட்டி அசையவில்லை. "பாத்தீகளா? பாத்தீகளா!" என்று கத்தினேன்.

அவர் அதைப் பார்க்கவேயில்லை. "பாய் கிழிஞ்சிருச்சுல்லா. இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். சுக்கானைப் பிடித்தபடியே, "குற்றாலம் ரோட்டுல ஓட்டல் கட்டுற ஒரு பார்ட்டி படகைக் கேட்டாக. வாசல்ல நிறுத்திவைக்க. பிள்ளைக ஏறி நின்னு போட்டோ எடுக்கும்லா. தாரேன்னு சொல்லிட்டேன்."

என் படகை! ஓட்டல் வாசலில்! இட்லிக்குக் காத்திருக்கிறவர்கள் ஏறி மிதிக்க!

"யாரைக் கேட்டுச் சொன்னீக?"

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நீ அங்கன கிடந்தப்ப நான் சுக்கானை விட்டுட்டு வரத் தெரியாம உக்காந்தே இருந்தேன். இப்பவும் கண்ணை மூடுனா அதான் வருது."

மனசு இளகத்தான் செய்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரியதாக இருந்தது. "பயம் உங்களுக்கு. விக்கிறது என் படகையா? நல்லா இருக்கே நியாயம்!" என்றேன்.

மறுநாள் முற்றத்தில் பாயை விரித்துப் பார்த்தேன். நீலத் துணி நேற்றுத் தைத்ததுபோல் பளபளவென்று இருக்கிறது. வெள்ளைப் பாய் பழுப்பேறி, தொட்டால் தையல் நூல் பொடியாக உதிர்கிறது. நீலத்தை உள்ளே வைத்து, வெள்ளையை வெளியே வைத்துச் சுருட்டி, நான்கு மாசம் சித்திரை வெயில், கத்திரி வெயில் எல்லாவற்றையும் அதன் தலையில் இறக்கியிருக்கிறார்கள்!

ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். "யார் இப்படிச் சுத்துனது?"

"நான்தான்க்கா. ஏன்க்கா, சரியாத்தானே சுத்திருக்கு? கலர் உள்ளதானே இருக்கணும்?"

காலண்டர்! சிவகாசியில் பிறந்தவன் எதைச் சுருட்டினாலும் படத்தை உள்ளே வைத்துத்தான் சுருட்டுவான். படம் உரசக் கூடாது, கலர் மங்கக் கூடாது. வெறும் வெள்ளை முதுகு வெளியே இருந்தால் போதும், ரப்பர் பேண்ட் போட்டு லோடு ஏற்றிவிடலாம். அதே கணக்கில் என் பாயைச் சுருட்டிவிட்டார்கள். பாயைக் காக்கத் தைத்த துணியைப் பாயை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"பெட்டியோட ஒரு தாள் வந்ததே, எந்தப் பக்கம் சுத்தணும்னு படம் போட்டு? அதைப் பாக்கலையா?"

"பாத்தேன்க்கா. நாலு கலரும் இம்மி பிசகாம விழுந்திருந்துச்சு. ரொம்ப நல்ல பிரிண்டு."

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு பத்து நிமிஷம் பிரஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். மிஷினையே நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "நான் சொன்ன ஒத்தை வார்த்தை, கை வைக்காதீகன்னு. அது எவன் காதுலயும் ஏறலையா?" ஃபோர்மேன் முகம் செத்துப்போய் நின்றார். என் வீட்டுக்காரர் மெதுவாக, "நான்தான் சுத்தச் சொன்னேன்" என்றார்.

"அப்ப அந்தப் பார்ட்டிக்கு இன்னைக்கே இல்லைன்னு சொல்லுங்க."

"சொல்லிக்கலாம்" என்றார். அவருடைய 'சொல்லிக்கலாம்' எனக்குத் தெரியாதா?

விருதுநகர்க்காரர் பாய் முழுக்கத் தையலைப் பிரித்துப் புது நூலில் மறுபடி தைத்துக் கொடுத்தார். அதைக் குழாயில் செருகி, மரத்தை நிமிர்த்திக் கட்டிவிட்டு, முற்றத்தில் ஸ்டூல் போட்டு உருளைக்கு நேரே உட்கார்ந்தேன். இந்தத் தடவை நான்தான் சுற்றினேன். கயிறு இறுக்கமாக விழுவதற்காக மறுமுனையை என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஃபோர்மேன் பார்த்துக்கொண்டே இருந்தார், பொறுக்க முடியவில்லை. "அக்கா, நீலம் வெளிய கிடந்தா மங்கிருமேக்கா."

"மங்கட்டும். அதுக்குத்தான் தச்சிருக்கு."

அப்போது வீட்டுக்காரர் சட்டைப்பையில் போன் அடித்தது. கையில் கயிறு. விட்டால் சுற்றினது அத்தனையும் தளர்ந்துவிடும். எட்டிப் பார்த்தார், பேர் தெரிந்தது.

"ஓட்டல்காரக" என்றார். கயிற்றை விடவில்லை. கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, "நீ எடு. படகு உன்னுதுன்னு சொல்லு" என்றார்.

ஒரு கை உருளையில் இருக்க, மறு கையால் அவர் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தேன். என் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம், "சார் இல்லீங்களா?" என்றார்கள்.

"சார் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்காக. படகு என்னுது. விக்கிறதுக்கில்லை" என்றேன்.