முள் வெட்டிப் போட்ட தெரு: பாகூர் பக்கம் ஒன்றரை நாள்

கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை நான் பாகூர் பக்கம் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கை தனத்தைக் கட்டிக்கொடுத்த ஊர் அங்கே, பாகூரிலிருந்து கரியமாணிக்கம் போகும் பாதையில் இருக்கிறது. அவளுக்கு நிறைமாதம். "ஊரார் எங்கள் வீட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள், மருத்துவச்சி வரமாட்டாள், வந்து அழைத்துப் போ" என்று நான்கு வரியில் கடிதம் எழுதியிருந்தாள். கடலூரிலிருந்து பிரெஞ்சு எல்லைக்குள் போய்வர வழி கேட்டு நண்பர்கள் சிலர் எனக்கு எழுதியிருந்ததால் இதைக் கட்டுரையாகவே எழுதிவிடுகிறேன். அந்த ஊரின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. தங்கை இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள்.

நான் ரயில் நிலையத்தில் கூட்ஸ் குமாஸ்தா. எதையும் மணி பார்த்துத்தான் செய்வேன். என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். காலை 6.10க்கு மஞ்சக்குப்பத்தில் ஜட்கா வண்டி ஏறினேன். பாகூர் வரை ஒன்பது மைல், வாடகை ஒரு ரூபாய் இரண்டணா. பெண்ணையாற்றைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சுங்கச் சாவடியில் முப்பத்தைந்து நிமிஷம் போயிற்று. போகும்போது அவ்வளவு கெடுபிடி இல்லை. திரும்பும்போதுதான் குடைக்குள்ளே கூடச் சீமைச் சாராயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லை தாண்டினால் மைல்கல் போய்க் கிலோமீட்டர் கல் வந்துவிடும். மற்றபடி அதே பனைமரம், அதே சேறு.

8.50க்குப் பாகூர். காப்பி என்று ஒன்று கொடுத்தார்கள், குடித்தேன். மாட்டுவண்டி கிடைக்கும்வரை மூலநாதர் கோயிலுக்குள் ஒரு சுற்று வந்தேன். கல்வேலை பார்க்கப் பிரியமுள்ளவர்கள் அரைநாள் ஒதுக்கிப் போகலாம். எனக்கு மனம் நிற்கவில்லை. ஏரி கடல் மாதிரி நிரம்பிக் கிடந்தது. அதன் மதகுத் தண்ணீரை நம்பித்தான் அந்தப் பக்கத்துக் கழனியெல்லாம்.

பாகூரிலிருந்து தங்கை ஊர் நான்கு கிலோமீட்டர். ஐந்தணாவுக்கு வண்டி பேசி 9.40க்குக் கிளம்பினோம். பாதி வழியில் வண்டிக்காரர் எந்த வீடு என்று கேட்டார். என் மாப்பிள்ளை, தனத்தின் புருஷன் வேணுவின் பெயரைச் சொன்னேன். மாட்டை இழுத்து நிறுத்திவிட்டார்.

"அந்த வூட்டுக்கா? இன்னா சாமி, ஏறும்போதே சொல்லக் கூடாதா? கட்டுப்பாடு போட்டுகீறாங்க. ஊருக்குள்ள வண்டி வராது."

"புள்ளத்தாச்சியைக் கூட்டிக்கிட்டுப் போகணும்பா. ரெட்டை வாடகை தர்றேன்."

"நீ பத்து ரூபா குடுத்தாலும் வேணாம். நாளைக்கு என் மாட்டுக்கு ஒரு புடி வைக்கோல் எவன் குடுப்பான்?"

ஊருக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால், வாய்க்கால் வளைவில் என்னை இறக்கிவிட்டார். ஐந்தணாவில் ஒரு அணாவைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து, 10.55க்குத் தங்கை வீட்டுத் தெருவுக்கு வந்தேன். தெருமுனையில் கருவேல முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு ஆள் ஒருக்களித்து நுழையத்தான் இடம். எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன பொங்கலுக்கு எனக்கு இலை போட்டுப் பரிமாறியவள் அவள்.

தனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாதாம். வேணு ஏரி வாய்க்காலிலிருந்து குடத்தில் கொண்டுவந்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சி வைத்திருந்தார். கடையில் சாமான் இல்லை. அம்பட்டர் வராததால் அவருக்குத் தாடி மண்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தபோது அவரை அடையாளம் தெரியவில்லை.

நடந்தது இதுதான். கம்யூன் என்கிற பிரெஞ்சு ஊராட்சிக்குத் தேர்தல் வந்தால் அந்த ஊரில் எல்லா ஆண்களின் ஓட்டுச் சீட்டையும் ஒரு கூடையில் சேர்த்து மாரியம்மன் கோயிலில் வைத்துவிடுவார்கள். தேர்தலன்று ஆறு பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மொத்த ஊருக்கும் போட்டுவிட்டு வருவார்கள். செத்தவர்களும் அதில் அடக்கம். வேணு மட்டும் இந்தத் தடவை, என் ஓட்டை நான் போடுகிறேன் என்று நேரே போயிருக்கிறார். ஓட்டுச்சாவடி மேசையிலிருந்தவர் பெயரைப் பார்த்துவிட்டு, நீ போட்டாயிற்றே என்றாராம். "நான் போடல" என்று இவர் சத்தம் போட்டார். வெளியூர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். ஊருக்கு மானம் போயிற்று.

"யாருக்குப் போடணும்னு நெனச்சீங்க மாப்ளே?" என்று கேட்டேன்.

"அவங்க போட்டாங்களே, அந்தாளுக்குத்தான். நம்ம பக்கத்துக்கு அவர வுட்டா வேற யாரு கீறாங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு இந்த வம்பு?"

"நான் போட்டிருக்கணும் இல்ல மச்சான்?" என்றார். அதற்கு மேல் அவரிடம் வாதம் இல்லை. எனக்கு அப்போது அது பிடிவாதமாகத்தான் பட்டது.

ஊர் கேட்டது பெரிய தண்டனை ஒன்றும் இல்லை. கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டு, "நான்தான் போட்டேன், மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நிமிஷமே கட்டுப்பாடு நீங்கும். ஒன்றரை மாதமாக இவர் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை விடியற்காலையில் வண்டி தேடுவதாகத் திட்டம். ஆனால் வெள்ளிக்கிழமை பகல் 1.30க்கே தனத்துக்கு வலி எடுத்துவிட்டது. வேணு குடையை எடுத்துக்கொண்டு, பாகூர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்சம்மாவை எப்படியாவது அழைத்துவருகிறேன் என்று மழையில் ஓடினார். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன். பிரசவம் பற்றி எனக்கு என்ன தெரியும்? தனம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, பயமா இருக்கு" என்றாள். சின்ன வயதில் கூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

3.50க்கு நாட்டாமை வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் மாட்டுக்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருந்தார். அதட்டுகிற ஆள் இல்லை, மெதுவாகப் பேசுகிறவர். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

"அவர் மேல எங்களுக்குக் கோவமே கெடையாதுங்க" என்றார். "ரெண்டு தேர்தலுக்கு முன்னாடி ஊரு ரெண்டா நின்னுச்சு. ஆளுக்கொரு பக்கம் போட்டாங்க. ஜெயிச்சவங்க அந்த வருசம் மதகு நமக்குக் கடசியாத்தான் தெறந்தாங்க. கடமடையில பயிரு பூரா கருகிப்போச்சு. எம்மாம் பேரு ஊர வுட்டே போனாங்க தெரியுமா? அன்னிக்கு எடுத்த முடிவுங்க இது. ஒர்த்தர வுட்டா நாளைக்குப் பத்து பேரு தனியா போவான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. "என் தங்கச்சி செத்துடுவாளுங்க" என்றேன்.

"அவர வரச் சொல்லுங்க."

"அவர் பாகூர் போயிருக்கார்." பிறகு கேட்டேன்: "நான் விழுந்தா ஒத்துக்குவீங்களா?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "யாரு வுழுந்தா இன்னாங்க? அந்த வூட்டு மனுசன் ஒர்த்தர் வந்தா சரி."

கோயில் வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "என் மாப்பிள்ளைதான் ஓட்டுப் போட்டாரு. மறந்துபோய்ச் சொல்லிட்டாரு. மன்னிக்கணும்" என்றேன். ஒருவர் என்னைத் தூக்கிவிட்டு, தன் துண்டால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தார். மணி 4.15.

அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் தெருவுக்குத் திரும்புவதற்குள் முள்ளை அகற்றிவிட்டார்கள். மருத்துவச்சி அஞ்சலை எனக்கு முன்னால் ஓடினாள். "மத்தியானத்துலருந்து எண்ணெயும் துணியும் எடுத்து வச்சிக்கினு ஒக்காந்துகீறேன்பா, இவ்ளோ நேரம் கயிச்சா வருவ?" என்று என்னைத் திட்டிக்கொண்டே ஓடினாள். முகத்தைத் திருப்பிக்கொண்ட எதிர்வீட்டுப் பெண் அடுப்பிலிருந்த வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒருத்தி மிளகு கஷாயம், ஒருத்தி பழந்துணி. ஏழெட்டுக் குடம் தண்ணீர் வாசலில் வரிசையாக வந்து நின்றது. எல்லோர் கண்ணிலும் ஈரம். அவர்கள் நடிக்கவில்லை, அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பிரியத்தையும் ஒன்றரை மாதம் கதவடைத்து வைத்திருக்க இவர்களால் முடிந்திருக்கிறது.

5.40க்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

5.50க்கு வேணு வந்தார். இருந்த ஒரே குடையை நர்சம்மாவுக்குக் கொடுத்துவிட்டு இவர் தொப்பலாக நனைந்திருந்தார். வண்டி கிடைக்காமல் அந்த அம்மாளை நான்கு கிலோமீட்டரும் நடத்தியே கூட்டிவந்திருக்கிறார். தெருமுனையில் முள் இல்லாததைப் பார்த்து நின்றார். "வா வேணு, பொண்ணு பொறந்துகீது" என்று நாலு பக்கமிருந்தும் சிரித்த முகமாகச் சொன்னார்கள். அவர் வாசலில் இருந்த குடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நர்சம்மா உள்ளே போனதும் என்னிடம் வந்தார்.

"யாரு போனது?"

"நான்தான். தனம் கிடந்த கிடப்பு நீங்க பார்க்கல மாப்ளே."

தலையை ஆட்டினார். என் சட்டையில் காய்ந்துகொண்டிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தப்புன்னு சொல்லல. அவ பொழைச்சா, அது போதும். ஆனா எனக்குப் பதிலா அவங்க போட்டாங்க. எனக்குப் பதிலா நீ வுழுந்த. ரெண்டுலயும் நான் எங்க கீறேன் மச்சான்?"

என்னை எப்போதும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அன்றுதான் முதல் தடவையாக 'நீ' என்றார். உள்ளே போய்க் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் விழாமல் இருந்திருந்தாலும் குழந்தை பிறந்த பத்தாவது நிமிஷம் நர்சம்மாவே வந்திருப்பாள். பத்து நிமிஷத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். இந்தக் கணக்கை நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை 7.20க்குக் கிளம்பினேன். இந்தத் தடவை தெருவுக்குள்ளேயே வண்டி வந்து நின்றது. வாடகைகூட வேண்டாம் என்றார்கள். வேணு வெளியே வரவில்லை. கழனிக்குப் போய்விட்டார் என்று தனம் சொன்னாள். நான் ஏறும்போது அவர் தாடியை மழிக்க அம்பட்டர் வந்து வாசலில் காத்திருந்தார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மழைக்காலத்தில் போகாதீர்கள், தை, மாசி உத்தமம். கடலூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் கோயிலையும் ஏரிக்கரையையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம். ஆளுக்கு மூன்று ரூபாய் இருந்தால் தாராளம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், காப்பியை நம்பாதீர்கள். திரும்பும்போது சுங்கச் சாவடியில் பெட்டியை நீங்களே திறந்து காட்டிவிடுங்கள், நேரம் மிச்சம். உள்கிராமத்துக்கு வண்டி பேசினால் எந்த வீடு என்பதை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். எந்த ஊரிலும் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பேச்சுக்குக்கூடக் கேட்காதீர்கள்.

தனத்திடமிருந்து மாதம் ஒரு கடிதம் வருகிறது. குழந்தை குப்புற விழுந்தாள், பல் முளைத்தது, இந்த வருஷம் மதகு முதலில் நமக்குத்தான் திறந்தார்கள், விளைச்சல் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், "அவரும் உன்னை ரொம்ப விசாரித்தார்" என்று ஒரு வரி இருக்கும். வேணு நான்கு வகுப்பு படித்தவர், அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். அந்த வரியும் தனத்தின் கையெழுத்தில்தான் இருக்கிறது.