பாவு போட்ட தெருவில் வந்த பஸ்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குள் பஸ் வந்தது என் ஆயுசில் ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளும் வராமலே இருந்திருக்கலாம்.

அறுபதுகளின் கடைசி. பள்ளிக்கூடம் முடித்து இரண்டு வருஷமாக அப்பாவின் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று மெட்ராஸ் டெலிபோன் ஆபீஸிலிருந்து இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். அடுத்த வருஷம் அந்த வேலைக்கு என் வயது தாண்டிவிடும். நெய்வதற்குத் தறிக்குழியில் இறங்காமல் தப்பிக்க எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

அதே வாரம் ஊரில் அகில இந்திய வாலிபால் போட்டி. மைதானம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்தது. சவுக்குக் கம்பு நட்டு காலரி கட்டியவர்கள் அதன் பாதியைப் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே கட்டிவிட்டார்கள். சுற்று வட்டாரத்து ஜனமெல்லாம் டிராக்டரிலும் பஸ் கூரையிலும் வந்து இறங்கியது. பஸ்கள் ஒரு நாள் ஒரு கோயில் வாசலிலிருந்து கிளம்பின, மறுநாள் இன்னொரு கோயில் வாசலிலிருந்து. நம் ஊரில் கோயிலுக்கா பஞ்சம்! வாலாஜாபாத்துக்கும் செங்கல்பட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பிரதட்சிணம் வந்தார்கள். யாரைக் கேட்டாலும் கையை மட்டும் ஒரு பக்கமாக நீட்டினார்கள்.

என் இன்டர்வியூ அன்றுதான் இறுதிப் போட்டி. முந்தின நாள் சாயங்காலம் அப்பா டைம்கீப்பரைத் தேடிப் பிடித்து விசாரித்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு ஆறரை மணி மெட்ராஸ் பஸ்ஸு நம்ம தெரு வழியாவே போவுதும்மா. நீ எங்கியும் அலைய வேணாம்."

"நாளைக்கு நம்ம பாவு இருக்குதேப்பா?"

பாவு என்றால் சேலையின் நீளவாக்கு இழைகள். கஞ்சி தெளித்து, விடியும்போது தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் கால்கள்மேல் காயவைப்போம். ஈரம் காய்வதற்குள் எடுத்தால் இழையெல்லாம் ஒட்டிக்கொள்ளும், ஒரு மாத உழைப்பு வீண். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து கை கொடுக்கும். நாள் குறித்து ஆட்களுக்குச் சொல்லிவிட்டால் மாற்ற முடியாது.

அப்பா அசரவில்லை. "பாவு போட்டுக்கினு இருந்தா சாமியே நின்னுதான் போவுது. பஸ்ஸு நிக்காதா? ஒரு கால் மணி நேரம் நிக்கும், நீ சாவகாசமா ஏறிக்கோ."

சாமி புறப்பாடு எங்கள் பாவுக்காக நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் நானும் நம்பினேன். எங்கள் தெருக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

மறுநாள் விடியற்காலையில் பாவு போட்டார்கள். மேற்கு முனையில் கயிற்றைத் தொய்யவிடாமல் பிடிக்க வேண்டிய ஆள், காலரியில் இடம் பிடிக்க இருட்டோடு போய்விட்டானாம். "பஸ்ஸு வர வரைக்கும் நீ பிடிம்மா" என்றார் அப்பா. இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து நின்றேன்.

பஸ் கிழக்கு முனையில் வந்தது. ஹாரன் அடித்தது. அப்பா ஓடிப்போய் டிரைவரைக் கும்பிடுவது அங்கிருந்தே தெரிந்தது.

"பத்து நிமிஷம்பா, காஞ்சிடும்!"

"உள்ள இருக்கறவங்களும் வேலைக்குத்தான்யா போவணும்! ஏற்கெனவே லேட்டு!"

"யாராவது வந்து பிடிங்க, நான் போவணும்" என்று கத்தினேன். பாவின் இரு பக்கமும் எட்டுப் பேர் குனிந்து, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த சித்தப்பா நிமிரவே இல்லை.

"இரும்மா, இந்த இழைய முடிஞ்சிட்டு வரேன்."

அவர் முடிந்துவிட்டு வந்தார். அதற்குள் பஸ் பின்னாலேயே நகர்ந்து, தெருவை விட்டு வெளியேறி, வேறு வழியாகப் போய்விட்டது. கயிற்றை விட்டுவிட்டு ஓடியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். பாவு மண்ணில் விழுந்திருக்கும்.

அப்பா மூச்சிரைக்க வந்தார். பாவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். "நல்லவேளை, பாவு தப்பிச்சுதும்மா" என்றார். அப்புறம்தான் என் தோளில் இருந்த பை அவர் கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டத்தைச் சொல்லிப் பயனில்லை. வந்த பஸ்ஸெல்லாம் ஜனத்தைக் கொண்டுவந்து கொட்டின, திரும்பிப் போக ஒன்றுக்கும் வழியில்லை. ஒன்பதரைக்கு ஒரு பஸ்ஸில் தொற்றினேன். டெலிபோன் ஆபீஸ் வாசலை மிதித்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. காவல்காரர் நல்ல மனுஷர். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எல்லாம் முடிந்துவிட்டதென்று சொன்னார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, எனக்குக் கைக்கே எட்டவில்லை. திரும்பி வந்தபோது கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேளதாளத்தோடு ஊர்வலம் போனது. அதற்கும் பஸ்ஸை நிறுத்தி வைத்தார்கள்.

இரண்டு வாரத்தில் நானும் தறிக்குழியில் இறங்கினேன், அதே பாவில். அப்பா ஒரு பக்கம் குறுக்கிழை ஓட்டும் நாடாவைத் தள்ள, நான் மறுபக்கம் சேலைக் கரையை நெய்ய உட்கார்ந்தேன். குற்றம் சொல்ல முடியாத பாவு, ஓர் இழைகூட ஒட்டவில்லை. அப்புறம் முப்பது வருஷம் அந்தக் குழியிலேயே போனது.

அன்றைய நாளுக்காக அப்பாவைப் பல வருஷம் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொள்வார். கயிறு யார் கையில் இருந்தது என்று ஒரு தடவைகூட அவர் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.